உருக்கின் அகமும் புறமும்

கல்லூரி ஆய்கூடத்தில் நாம் முதன்முதலிற் செய்த சிறு பரிசோதனைகளுள் ஒன்று பலருடைய நினைவில் இன்னும் நிலைத்திருக்கும். சுத்தமான கண்ணாடிக் கிண்ணமொன்றில் நீரை நிரப்பி, அதன் மேல் ஒரு சிறு கற்பூரத் துகளை இட்டால், அத்துகள் உயிர் பெற்றது போலச் சுழன்றோடும். எண்ணெய் தொட்ட விரல் நுனியை ஒரு கணம் அந்நீரில் வைத்தால் அவ்வோட்டம் நின்றுவிடும். கிண்ணத்திலுள்ள நீரின் அளவை நோக்க, விரலில் ஒட்டியிருந்த எண்ணெய் ஒரு பொருட்டன்று. ஆயினும் அவ்வெண்ணெய் நீரினுள்ளே கலந்து மறையாது மேற்பரப்பிலேயே விரிந்து நின்றமையால், அந்த நீரின் நடத்தை முழுவதையும் மாற்றிவிட்டது. ஒரு பொருள் எவ்வளவு இருக்கின்றது என்பது மாத்திரமன்று, எங்கே இருக்கின்றது என்பதும் கணக்கில் எடுக்கப்படவேண்டும் என்பதே அப்பரிசோதனையின் பாடம்.

நீருக்குப் பொருந்தும் இவ்வுண்மை உருக்குக்கும் பொருந்தும் என்றால் வியப்பாகத் தோன்றலாம். உருக்கு திண்மம், இறுகியது, அதனுள்ளே எதுவும் இடம்பெயராது என்றே நாம் எண்ணுகின்றோம். ஆலையிலிருந்து வரும் பத்திரத்தில் “மங்கனீசு நூற்றுக்கு 2, சிலிக்கன் நூற்றுக்கு 1” என்று எழுதியிருந்தால், அத்தகட்டின் எப்பகுதியைச் சுரண்டி நோக்கினும் அதே விகிதமே காணப்படும் என்று நம்புகின்றோம். அகத்தைப் பொறுத்தவரை அந்நம்பிக்கை பெரும்பாலும் சரியே. புறத்தைப் பொறுத்தவரை அது பெரும் பிழையாகலாம். அப்பிழையினால் விளைந்த நட்டங்களும், அவ்வுண்மையை அறிந்தமையால் விளைந்த நன்மைகளும் பல. அவற்றுட் சிலவற்றை ஈண்டு விளக்க முயல்வோம்.

உருக்கு என்பது யாது?

உருக்கு என்பது இரும்பும் சிறிதளவு காபனும் சேர்ந்த கலப்புலோகம். வலிமை, கடினம், துருவெதிர்ப்பு முதலிய குணங்களை வேண்டி மங்கனீசு, சிலிக்கன், குரோமியம், நிக்கல், மொலிப்தினம் போன்ற மூலகங்களை அதனோடு கலப்பர். வேண்டாமலே வந்து சேர்வனவும் உள. தாதுப்பொருளிலிருந்தும் கரியிலிருந்தும் கந்தகமும் பொசுபரசும், உருக்கப்படும் பழைய இரும்பிலிருந்து செம்பும் வெள்ளீயமும் வந்து புகும். அழையாத இவ்விருந்தினர் மிகச் சிறு தொகையினரே. ஆயினும் அவர் எங்கே சென்று அமர்கின்றனர் என்பதைப் பொறுத்தே வீட்டின் அமைதி இருக்கின்றது.

உருக்கோடு பிற உலோகங்களைக் கலந்து பார்க்கும் ஆராய்ச்சியின் தொடக்கத்திலே நம் பகுதிக்கும் ஒரு தொடர்பு உண்டு. இந்தியாவிலிருந்து இங்கிலாந்து சென்ற உருக்குக் கட்டிகளை ஆங்கிலேயர் ‘வூட்ஸ்’ என அழைத்தனர். உக்கு, உருக்கு என்னும் தென்னாட்டுச் சொற்களின் திரிபே அப்பெயர் என்பர் அறிஞர் சிலர். அவ்வுருக்கை 1819 ஆம் ஆண்டில் ஆராய்ந்த மைக்கேல் பரடே, அதன் சிறப்பினால் தூண்டப்பட்டு, ஜேம்ஸ் ஸ்ரோடார்ட் என்பவருடன் கூடி வெள்ளி, பிளாற்றினம், நிக்கல், குரோமியம் முதலியவற்றை உருக்கோடு கலந்து சோதித்தார். மின்னியலிற் பெரும் புகழ் பெறுவதற்கு முன் பரடே செய்த வேலை இது.

மேற்பரப்பு ஏன் வேறுபடுகின்றது?

இரும்பினுள்ளே இருக்கும் ஓரணுவை நினைத்துக்கொள்வோம். அதற்கு எத்திசையிலும் அயலார் உண்டு. அயலார் அனைவரோடும் அது பிணைப்புற்று இருக்கின்றது. மேற்பரப்பில் இருக்கும் அணுவுக்கோ ஒரு பக்கத்தில் அயலார் இல்லை. கைகோத்து நிற்கும் கூட்டத்தின் ஓரத்தில் ஒரு கையை வெறுமையாக நீட்டி நிற்பவன் போன்றது அதன் நிலை. இதனால் மேற்பரப்புக்கு ஒரு மிகைச் சத்தி உண்டாகின்றது. இயற்கை அம்மிகைச் சத்தியைக் குறைக்கும் வழியை நாடும். அயலாரோடு வலிதாகப் பிணையாத அணுவோ, பருமன் பொருந்தாமையால் உள்ளே நெருக்கடிப்படும் அணுவோ மேற்பரப்புக்கு வந்து சேர்ந்தால், மொத்தச் சத்தி குறைகின்றது. ஆதலால் அத்தகைய அணுக்கள் மேற்பரப்பை நாடிக் கூடுகின்றன. சவர்க்காரம் நீரின் மேற்பரப்பிற் கூடுவதும் இவ்விதியினாலேயே. அமெரிக்க அறிஞர் வில்லார்ட் கிப்ஸ் 1876 முதல் 1878 வரை வெளியிட்ட பெருங்கட்டுரையில் இவ்விதியைக் கணித வடிவிலே தந்தார்.

இதற்கு எதிராக நிற்பது வெப்பம். வெப்பம் மிகுந்தால் அணுக்கள் ஓரிடத்திற் கூடி நில்லாது எங்கும் கலைந்து பரவும். வெப்பம் குறைந்தாலோ, கூட விருப்பமிருந்தும் நகர வலியின்றி நின்ற இடத்திலேயே நிற்கும். ஆகவே பெருஞ்சூட்டிலும் கூட்டம் இல்லை. அறைவெப்பநிலையிலும் புதிதாகக் கூட்டம் சேர்வதில்லை. இரண்டிற்கும் இடைப்பட்ட வெப்பநிலைகளிலேதான் இச்செயல் ஓங்கி நிகழும். இடைப்பட்ட இவ்வெல்லையை வாசகர் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னர் இது பயன்படும்.

அற்பமான தொகை மேற்பரப்பை மூடிவிடுமோ என்று ஐயுறுவோர் ஒரு சிறு கணக்கைச் செய்து பார்க்கலாம். ஒரு கன சதமமீற்றர் இரும்பில் ஏறக்குறைய 8.5 × 10²² அணுக்கள் உள. ஒரு மில்லிமீற்றர் தடிப்புள்ள தகட்டில், ஒரு சதுர சதமமீற்றர் பரப்பின் கீழே அதில் பத்திலொரு பங்கு இருக்கும். அவற்றுள் இலட்சத்துக்கு ஒன்று கந்தகம் எனக் கொண்டால், கந்தக அணுக்கள் 8.5 × 10¹⁶ ஆகும். அப்பரப்பை ஓரணுத் தடிப்பில் மூடுவதற்கு வேண்டியனவோ ஏறத்தாழ 1.5 × 10¹⁵ மாத்திரமே. அஃதாவது, இலட்சத்துக்கு ஒன்றாக இருந்த கந்தகமும், முழுவதும் வெளிவருமாயின், அத்தகட்டின் ஒரு முகத்தை ஐம்பது தடவைக்கு மேல் மூடப் போதுமானது. முழுவதும் வெளிவருவதில்லை, ஆயினும் சிறுபான்மை வந்தாலும் போதும் என்பது தெளிவு.

உள்ளே மறைந்த மேற்பரப்புகள்

மேற்பரப்பு என்றதும் கண்ணுக்குப் புலனாகும் வெளிமுகத்தையே நாம் கருதுகின்றோம். உருக்கினுள்ளேயும் மேற்பரப்புகள் உண்டு. உருக்கு ஒரே பளிங்கால் ஆனதன்று. கண்ணுக்குத் தோன்றாத எண்ணிறந்த சிறு பளிங்கு மணிகள் நெருங்கி அமைந்தது. ஒரு மணியில் அணுக்கள் ஒரு திசை நோக்கி அணிவகுத்து நிற்க, அடுத்த மணியில் வேறு திசை நோக்கி நிற்கும். இரண்டு அணிகளும் சந்திக்கும் எல்லையிலே ஒழுங்கு குலைந்திருக்கும். அவ்வெல்லையும் ஒருவகை மேற்பரப்பே; அங்கும் அந்நிய அணுக்கள் கூடும். டொனால்ட் மக்லீன் என்பவர் 1957 இல் வெளியிட்ட நூலில் இக்கூட்டத்தை அளவிடும் சமன்பாட்டைத் தந்தார். இன்றும் அதுவே தொடக்கப் பாடமாகும்.

இவ்வுள் எல்லைகளிற் பொசுபரசு, வெள்ளீயம், அந்திமனி, ஆசனிக்கு ஆகியவை கூடினால் உருக்கு நொறுங்குந் தன்மை அடையும். வலிமை குன்றாது, கடினம் குன்றாது, தோற்றமும் மாறாது. ஆனால் ஓர் அதிர்ச்சி நேரும்போது, மணியும் மணியும் பிரிந்து கண்ணாடி போல உடையும். ஏறக்குறைய 375 பாகை செல்சியசுக்கும் 575 பாகைக்கும் இடையில் நீண்ட நேரம் வைக்கப்பட்ட அல்லது அவ்வெல்லையூடாக மெல்லக் குளிரவிடப்பட்ட கலப்புருக்குகளுக்கே இந்நோய் பெரும்பாலும் வரும். மேலே சொன்ன இடைப்பட்ட வெப்பநிலை இதுவேயாம்.

1969 ஆம் ஆண்டு செப்ரெம்பர் மாதத்தில் இங்கிலாந்தின் ஹிங்க்ளி பொயின்ற் மின்னிலையத்தில் ஒரு நீராவிச் சுழலியைச் சாதாரண வேகத்துக்குச் சற்று மேலே ஓட்டிச் சோதித்தார்கள். சோதனையின்போது அதன் பெரிய உருக்குத் தட்டொன்று திடீரெனப் பிளந்து சிதறியது. அதனோடு இயந்திரம் முழுவதும் அழிந்தது. ஆராய்ந்து பார்த்தபோது, தட்டிலே ஒரு மிகச் சிறிய பிளவு இருந்தமை தெரிந்தது. நல்ல உருக்காயின் அத்தகைய பிளவைத் தாங்கியிருக்கும். ஆனால் அத்தட்டு செய்யப்பட்டபோது மெல்லக் குளிர்விக்கப்பட்டமையால், மணியெல்லைகள் வலிகுன்றி நொறுங்குந் தன்மை அடைந்திருந்தன. தட்டை மெல்லக் குளிர்வித்ததும் அறியாமையால் அன்று; விரைந்து குளிர்வித்தால் உள்ளே இழுவிசைகள் தங்கிவிடும் என்னும் அச்சத்தினாலேயே அவ்வாறு செய்தனர். ஒரு தீமையைத் தவிர்க்க எடுத்த கவனமே மற்றொரு தீமைக்கு வழி திறந்தது. அதன் பின்னர் இத்தகைய தட்டுகளுக்கு வேண்டிய உருக்கிற் பொசுபரசு, வெள்ளீயம் ஆகியவற்றை மிகக் குறைப்பதிலும், குளிர்விக்கும் முறையிலும் கூடிய கவனம் செலுத்தப்படலாயிற்று. சிறிது மொலிப்தினம் சேர்த்தால் இந்நோய் தணியும் என்பதும் அறிந்த செய்தியே.

ஒட்சிசனின் அழைப்பு

இதுவரை கூறியது வெளியிலிருந்து எவரும் அழையாமலே நிகழும் கூட்டம். இனி, வெளியே ஒட்சிசன் நின்று அழைக்கும்போது நிகழ்வதை நோக்குவோம். எல்லா உலோகங்களும் ஒட்சிசனிடத்தில் ஒரே அளவான நாட்டம் உடையன அல்ல. இந்நாட்டத்தை வெப்பநிலைக்கேற்ப வரிசைப்படுத்திக் காட்டும் வரைபடத்தை ஹரல்ட் எல்லிங்ஹாம் 1944 இல் வெளியிட்டார். அவ்வரிசையில் இரும்பை நடுவில் வைத்து நோக்கினால், அலுமினியம், சிலிக்கன், மங்கனீசு, குரோமியம் ஆகியவை இரும்பினும் மிக்க நாட்டமுடையன. நிக்கல், செம்பு ஆகியவை குறைந்த நாட்டமுடையன. முதற் கூட்டத்தார் அழைப்புக் கேட்டதும் முந்திச் செல்வர். இரண்டாங் கூட்டத்தார் பின்தங்கி நிற்பர். இவ்விரு வழியாலும் உருக்கின் புறம் அதன் அகத்தினின்றும் வேறுபடுகின்றது. முந்திச் செல்வோராற் சில வேளை நன்மையும் சில வேளை தீமையும் விளையும், பின்தங்குவோராலும் அவ்வாறே.

குரோமியம் தரும் கவசம்

முந்திச் செல்வோருள் மிக்க நன்மை செய்வது குரோமியம். நம் அடுக்களைகளில் எவர்சில்வர் என வழங்கும் பாத்திரங்கள் கறையில் உருக்கினாலானவை. அவற்றுட் பெரும்பகுதி இரும்பே. இரும்பாயிருந்தும் அவை துருப்பிடியாமைக்குக் காரணம், அவற்றின் புறத்தே இரண்டு மூன்று நனோமீற்றர் தடிப்பில் அமைந்த குரோமிய ஒட்சைட்டுப் படலம். ஒரு மில்லிமீற்றரைப் பத்து இலட்சமாகப் பகுத்து, அவற்றுள் இரண்டு மூன்று பங்கை எடுத்தால் எவ்வளவோ அவ்வளவே அதன் தடிப்பு. பாத்திரத்தைச் சாம்பலிட்டுத் தேய்த்தாலும், கத்தியாற் கீறினாலும், காற்றுப் பட்டவுடனே அப்படலம் மீண்டும் அமைந்துவிடும். வர்ணப்பூச்சுக்கு இல்லாத பெருமை இது. பூச்சு பழுதுற்றால் நாம் பூசவேண்டும். இப்படலமோ தன்னைத் தானே பூசிக்கொள்கின்றது.

குரோமியம் கலந்த இரும்பு அமிலங்களைத் தாங்கும் என்பதைப் பிரான்சு நாட்டுப் பியர் பெர்த்தியே 1821 இலேயே கண்டார். ஜேர்மனியில் பிலிப் மொன்னார்ட்ஸ் 1911 இல் அவ்வியல்பைச் செவ்வனே ஆராய்ந்து வெளியிட்டார். இங்கிலாந்தின் ஷெபீல்ட் நகரில், துப்பாக்கிக் குழல்கள் தேய்ந்து போகாதிருக்க வழி தேடிய ஹரி பிறியேளி 1913 இல் நூற்றுக்கு 12.8 பங்கு குரோமியம் கொண்ட உருக்கை வார்ப்பித்தார். நுணுக்குக்காட்டியிற் பார்ப்பதற்காக அதனை அமிலத்தால் அரிக்க முயன்றபோது அது அரிபடவில்லை. அரிபடாமையை ஓர் இடையூறாகக் கொள்ளாது ஒரு குணமாகக் கொண்டு, அதனைக் கத்திகள் செய்யப் பயன்படுத்தலாம் என்று கண்டதே அவருடைய நுண்ணறிவு.

இங்கே ஒரு நுட்பத்தைக் கவனித்தல் வேண்டும். அறைவெப்பநிலையில் குரோமிய அணுக்கள் உள்ளிருந்து புறத்தே நடந்து வருவதில்லை. அதற்கு அவற்றிடம் வலியில்லை. அங்ஙனமாயின் படலத்திற் குரோமியம் மிகுந்திருப்பது எவ்வாறு? உள்ளே நூற்றுக்கு 18 பங்கு குரோமியமுள்ள உருக்கின் படலத்தில், உலோக அணுக்களுட் பாதிக்கு மேல் குரோமியமாக இருப்பதும் உண்டு. விடை யாதெனின், மேற்பரப்பிலுள்ள இரும்பு ஈரத்திற் கரைந்து நீங்குகின்றது. குரோமியமோ கரையாது ஒட்சைட்டாகி நிற்கின்றது. குரோமியம் வந்து கூடவில்லை. இரும்பு விலகிச் சென்றமையால் எஞ்சியது கூடியதாயிற்று. குரோமியம் நூற்றுக்குப் பத்தரைப் பங்குக்குக் குறைந்தால், எஞ்சும் அணுக்கள் இடைவெளியின்றிக் கைகோத்து நிற்கப் போதாவாகையாற் படலம் முழுமை பெறாது. ஆகவேதான் கறையில் உருக்குக்கு அவ்வெல்லை விதிக்கப்பட்டிருக்கின்றது.

இக்கவசத்துக்கும் பகை உண்டு. கடலோரத்தில் வாழும் நமக்கு அதனை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. உப்பிலுள்ள குளோரைட்டு, படலத்தின் மெலிந்த இடத்தைத் தேடித் துளைத்து, சிறு குழிகளை உண்டாக்கும். மொலிப்தினம் நூற்றுக்கு இரண்டு மூன்று பங்கு சேர்ந்த வகை இதனை நன்கு எதிர்க்கும். மற்றொரு பகை உள்ளேயே இருக்கின்றது. சூட்டினால் உருக்கி இணைக்கும்போது, இணைப்பின் அயலிலுள்ள பகுதி ஏறக்குறைய 450 முதல் 850 பாகை வரை சூடேறும். அப்போது காபன் மணியெல்லைக்கு ஓடி அங்குள்ள குரோமியத்தைத் தன்னோடு பிணைத்துக்கொள்ளும். எல்லையின் இருமருங்கும் குரோமியம் வறியதாகிவிட, அவ்வழியே அரிப்புப் புகும். காபனை நூற்றுக்கு 0.03 பங்குக்குக் கீழே குறைப்பதும், காபனைத் தன்பால் ஈர்க்கும் தைற்றேனியம் அல்லது நயோபியத்தைச் சேர்ப்பதும் பரிகாரங்களாம்.

மங்கனீசும் சிலிக்கனும் செய்யும் தீமை

முந்திச் சென்று தீமை செய்வோர் கதை இனி. இக்கட்டுரையாளன் தொழில் பழகிய காலத்தில், பிறநாட்டு ஆலையொன்றில், உருக்குத் தகட்டுக்கு நாகம் பூசும் பகுதியில் இருந்தான். வாளிக்கும் கூரைத் தகட்டுக்கும் நாகம் பூசுவது நாமறிந்ததே. மோட்டார் வண்டிகளுக்கு வேண்டிய தகடும் அவ்வாறே பூசப்படும். தகடு முதலில் ஏறக்குறைய 800 பாகை வெப்பமுள்ள உலையொன்றினூடே செல்லும். உலையில் நைதரசனும் சிறிது ஐதரசனும் நிறைந்திருக்கும். ஐதரசன் இரும்பு ஒட்சைட்டை நீக்கிவிடும். பின்னர்த் தகடு ஏறத்தாழ 460 பாகையில் உருகிய நாகத்தில் மூழ்கி வெளிவரும்.

சாதாரண உருக்கில் ஆண்டுக்கணக்காக இடையூறின்றி நடந்த வேலை, மங்கனீசும் சிலிக்கனும் மிகுந்த புதிய வல்லுருக்கு வந்ததும் தடுமாறியது. உலையினின்றும் தகடு கண்ணாடி போல மின்னிக்கொண்டு வரும். ஆனால் நாகத்தில் மூழ்கி எழுந்ததும் ஆங்காங்கே பூச்சுப் பிடியாத கரும்புள்ளிகள் காணப்படும். தகட்டில் எண்ணெய் எஞ்சியிருக்கின்றது என்றே யாவரும் கருதினோம். மூன்று வாரம் கழுவு தொட்டிகளைத் தேய்த்தோம். கழுவு நீரை மாற்றினோம். உலையில் ஈரமிருக்குமோ என்று அஞ்சி வாயுவை மேலும் உலர்த்தினோம். புள்ளிகள் குறையவில்லை, கூடின. குற்றம் தொட்டியைத் தேய்த்த தொழிலாளர் மேலேயே சுமத்தப்பட்டது. இளைஞனாகிய நானும் வாய் திறவாது அதற்கு உடன்பட்டு நின்றேன். அதனை நினைக்க இன்றும் வெட்கமாயிருக்கின்றது.

உண்மை வேறாயிருந்தது. உலையிலுள்ள வாயு இரும்பைப் பொறுத்தவரை ஒட்சிசன் அற்றது. மங்கனீசையும் சிலிக்கனையும் பொறுத்தவரை ஒட்சிசன் உடையது. வாயுவில் எஞ்சியிருந்த நீராவியின் சுவடுகளே அவற்றுக்குப் போதும். 800 பாகை வெப்பத்தில் அவ்வணுக்கள் உள்ளிருந்து நடந்து வர வல்லன. வந்து, மேற்பரப்பில் மெல்லிய ஒட்சைட்டுப் படலமாகப் படிந்தன. கண்ணுக்குத் தகடு தூயது. நாகத்துக்கோ அது அழுக்குடையது. தாமரையிலையில் நீர் ஒட்டாதவாறு போல, அவ்வொட்சைட்டில் உருகிய நாகம் ஒட்டாது.

பரிகாரம் மேலும் வியப்பானது. வாயுவை உலர்த்துவதை விட்டு, அளவறிந்து ஈரப்படுத்த வேண்டும். ஈரம் சற்று மிகுந்தால் ஒட்சிசன் தகட்டினுள்ளே புகும். மங்கனீசும் சிலிக்கனும் மேற்பரப்பை அடையுமுன்னே, வழியிலேயே அவற்றைச் சந்தித்துப் பிணைத்துவிடும். ஒட்சைட்டு உள்ளே துகள்களாகத் தங்க, மேற்பரப்பில் தூய இரும்பு நிற்கும். நாகம் நன்கு பிடிக்கும். உள்ளிருந்து வருவோர் விரைவும் வெளியிலிருந்து புகுவோர் விரைவும் எங்கே சமப்படுகின்றனவோ அங்கே ஒட்சைட்டு அமையும். உள்ளக ஒட்சியேற்றத்துக்கும் புறப்படலத்துக்கும் இடையிலுள்ள எல்லையைக் கார்ல் வாக்னர் 1959 இலேயே கணக்கிட்டுக் காட்டியிருந்தார். நூல்நிலையத்தில் இருந்த விடையைத் தேடாது நாம் தொட்டியைத் தேய்த்துக்கொண்டிருந்தோம்.

பின்தங்கிய செம்பு

ஒட்சிசனை நாடாத செம்பு செய்யும் தீமை இதற்கு எதிர்மாறானது. உருக்குக் கட்டியை உருட்டித் தகடாக்குமுன் 1100 முதல் 1250 பாகை வரை சூடாக்குவர். அப்போது புறத்திலுள்ள இரும்பு எரிந்து செதிலாகும். செம்பு எரிவதில்லை, செதிலின் கீழே உலோகத்தின் முகத்தில் எஞ்சி நிற்கும். ஒரு மில்லிமீற்றர் தடிப்புள்ள இரும்பு செதிலாயிற்று என்றும், அதில் நூற்றுக்கு 0.3 பங்கு செம்பு இருந்தது என்றும் கொள்வோம். அச்செம்பு முழுவதும் எஞ்சினால், மில்லிமீற்றரில் ஆயிரத்திலொரு பங்கை அலகாகக் கொண்டு, ஏறக்குறைய இரண்டரை அலகு தடிப்புள்ள செம்புப் படையாகும். அணுக்கணக்கில் அது பதினாயிரம் படைக்கு மேல். செம்பு 1085 பாகையில் உருகும். உருகிய செம்பு மணியெல்லைகளினூடே ஊறிப் புகுந்து அவற்றைப் பிரிக்க, உருட்டும்போது தகட்டின் முகம் வெடிக்கும். வெள்ளீயம் உடனிருந்தால் தீமை மிகும். நிக்கல் உடனிருந்தால் செம்பு மீண்டும் இரும்பிற் கரைவது எளிதாகித் தீமை தணியும்.

இது வருங்காலத்தைப் பற்றிய பிரச்சினையுமாகும். கரியை எரித்துத் தாதுவிலிருந்து இரும்பு எடுப்பதைக் குறைத்து, பழைய இரும்பை மின்னுலையில் உருக்கிப் பயன்படுத்த உலகம் முயல்கின்றது. பழைய மோட்டார் வண்டிகளோடு அவற்றின் மின்கம்பிச் செம்பும் உலைக்குட் போகின்றது. உருகிய உருக்கிலிருந்து சிலிக்கனையும் மங்கனீசையும் ஒட்சிசன் ஊதி நீக்கலாம். இரும்பினும் ஒட்சிசனை வெறுக்கும் செம்பை அவ்வாறு நீக்க இயலாது. ஒருமுறை புகுந்த செம்பு, உருக்கு உருகும்தோறும் தொடர்ந்து வரும். ஆகவே செம்பைப் பிரிக்கவேண்டிய இடம் உலையன்று, பழைய இரும்பைக் குவிக்கும் முற்றமே.

துருவே காவலாதல்

செம்பு தீமையே செய்வது என்று முடிவு கட்டுதலும் நீதியன்று. சிறிது செம்பு, குரோமியம், பொசுபரசு ஆகியன கலந்த உருக்கு வெயிலிலும் மழையிலும் மாறிமாறி நிற்கும்போது, அதன் துரு நெருக்கமாகி உலோகத்தை ஒட்டி நின்று, மேலும் துருவேறாது தடுக்கும். அமெரிக்காவில் 1933 இல் விற்பனைக்கு வந்த இவ்வகை உருக்காற் கட்டிய பாலங்களுக்கு வர்ணம் பூச வேண்டுவதில்லை. ஆயினும் உப்புக்காற்று ஓயாது வீசும் கரையில் இக்காவல் நிலைப்பதில்லை.

இதற்கு மூத்த உதாரணம் தில்லியில் இருக்கின்றது. ஏழு மீற்றருக்கு மேல் உயர்ந்து, ஆறு தொன்னுக்கு மேல் நிறையுடைய அவ்விரும்புத் தூண் ஏறத்தாழ 1600 ஆண்டுகளாக வெளியில் நிற்கின்றது. அது உருக்கன்று, கரியால் இறக்கி அடித்துச் செய்த இரும்பு. அதிற் பொசுபரசு இக்கால உருக்கைவிடப் பன்மடங்கு மிகுதி. கான்பூர்த் தொழினுட்பக் கழகத்துப் பேராசிரியர் ஆர். பாலசுப்பிரமணியம் 2000 ஆம் ஆண்டளவில் வெளியிட்ட ஆராய்ச்சிகளில், அப்பொசுபரசு உலோகத்துக்கும் துருவுக்கும் இடையிற் கூடிப் பொசுபேற்றுப் படலமாகி நிற்பதே காவல் என விளக்கினார். மணியெல்லையிற் கூடிச் சுழலியை உடைத்த அதே பொசுபரசு, புறத்தே கூடித் தூணைக் காத்தது. மூலகத்தில் நன்மை தீமை இல்லை; அது நிற்கும் இடத்திலேயே உண்டு.

இவற்றைக் கண்டறிந்த கண்கள்

சில அணுக்களின் தடிப்பேயுள்ள படைகளை ஆராய்வது எவ்வாறு? அணுவொன்றைத் தாக்கினால் அதனினின்றும் புறப்படும் ஒருவகை இலத்திரன்களை லீசே மைட்னரும் பியர் ஓஷேயும் 1920 களிற் கண்டனர். அவ்விலத்திரனின் சத்தி, அது எம்மூலகத்திலிருந்து வந்தது என்பதைக் காட்டும். சில படை ஆழத்துக்குக் கீழேயிருந்து அது வெளிவர இயலாது. ஆகவே அது மேற்பரப்பின் செய்தியை மாத்திரம் சொல்லும் தூதுவனாயிற்று. 1960 களின் இறுதியிலேயே உலோகவியலாளர் இதனைப் பரவலாகக் கையாளத் தொடங்கினர். ஒளியால் இலத்திரனை எழுப்பி ஆராயும் முறையை வளர்த்த சுவீடன் நாட்டுக் கை சீக்பானுக்கு 1981 இல் நோபெல் பரிசு கிடைத்தது. இவ்வாராய்ச்சிகளுக்கு மிக உயர்ந்த வெற்றிடம் இன்றியமையாதது. வளிமண்டல அமுக்கத்தின் நூறு கோடியில் ஒரு பங்கே எஞ்சிய வெற்றிடத்திலும், புதிதாக உடைத்த உலோகமுகத்தை ஒரு செக்கனில் வாயு மூலக்கூறுகள் ஒரு படையாக மூடிவிடக்கூடும். அதனால், ஆராயவேண்டிய துண்டை அதனினும் சிறந்த வெற்றிடத்தினுள்ளேயே உடைத்து நோக்குவர்.

முடிவுரை

கல்லூரியில் இன்று பயிலும் மாணவருக்கு ஒரு வார்த்தை. இவ்விடயத்தின் அடிப்படை, உயர்தர வகுப்பில் நீங்கள் கற்கும் பௌதிகமும் இரசாயனமுமே. மேற்பரப்பிழுவிசை, பரவல், ஒட்சியேற்றம் என்னும் மூன்று பாடங்களும் தனித்தனி அதிகாரங்களில் இருக்கின்றன. உலையினுள்ளே அவை ஒன்றாகவே தொழிற்படுகின்றன. அவற்றைத் தனித்தனியாகக் கற்றுத் தேறிய எனக்கு, ஒன்றாக வைத்துப் பார்க்கத் தெரியாத குறையினாலே மூன்று வாரம் வீணாயிற்று; பழியும் உரியவரல்லாதார் மேற் சென்றது. பளபளப்பைக் கண்டு தூய்மை என்று துணியாதீர்கள். வேலை பிழைத்தவிடத்து, தொழிலாளியின் கையை ஐயுறுமுன் பொருளின் இயல்பை ஆராயுங்கள். அன்று ஆய்கூடத்தில் கற்பூரத் துகள் நின்றபோது எம் ஆசிரியர் எம்மைக் கடியவில்லை. கிண்ணத்தைக் கழுவச் சொல்லவுமில்லை. “நீரின் மேலே என்ன இருக்கின்றது என்று பாருங்கள்” என்றே சொன்னார். அச்சொல்லின் பொருளை முழுவதும் உணர எனக்குப் பல ஆண்டுகள் சென்றன. உங்களுக்கு அவ்வளவு காலம் செல்லாதிருப்பதாக.